உலகளந்த லாம்டன் துரை சரித்திரம்

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களில் வாழும் நம் சங்கத்து அன்பர்கள் மனையொன்று வாங்கப் புகுங்கால், முதற்கண் வினாவுவது அஃது எத்தனை கிரவுண்டு என்பதேயாம். கிரவுண்டாவது 2,400 சதுர அடி. இதனையே நம் முன்னோர் மனை என்றனர். இருபத்துநான்கு மனை கொண்டது ஒரு காணி. அக்காணியையே நூறு குழியாகவும் வகுத்தனர். இருபத்துநான்கு அடி நீளமுள்ள கோலொன்றை நாற்புறமும் இட்டால் அடைபடும் நிலம், அதாவது 576 சதுர அடி, இப்பக்கத்து ஒரு குழியாம். தஞ்சைச் சீமையிலோ கோல் பன்னிரண்டு அடியே. ஆகவே அவ்விடத்துக் குழி 144 சதுர அடிதான். சொல் ஒன்று, நிலம் காற்பங்கு. பெண் கொடுக்கும் வீட்டார், மாப்பிள்ளைக்கு இத்தனை குழி நிலம் உண்டென்று கேட்டு மகிழுமுன்னர், அஃது எவ்வூர்க் குழியென்று வினாவிக்கொள்ளுதல் அக்காலத்தில் மிகவும் அவசியமாயிருந்தது.

நிலத்திற்கே நிலைமை இதுவாயின், வழித்தூரத்தைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. கூப்பிடு தூரம் என்பது கூவுவோனுடைய குரலையும், நாழிகை வழி என்பது நடப்போனுடைய காலையும் பொறுத்தன. பூமியின் அளவைக் கூறவந்த பேரறிஞர்க்கும் இவ்விடர் இருந்தது. கி.பி. 499-ஐ ஒட்டி வாழ்ந்த ஆரியபடர், பூமியின் விட்டம் 1,050 யோசனை என்றும், யோசனையொன்று 8,000 ஆள் உயரம் என்றும் வரையறுத்தார். கணிதத்தில் ஒரு குற்றமுமில்லை. ஆயினும் எந்த ஆளின் உயரம்? அவ்வுயரத்தைச் சிறிது கூட்டினால் பூமி பெருக்கிறது. சிறிது குறைத்தால் சுருங்கிவிடுகிறது. எண் எத்துணை நுட்பமாயினும், அதனைத் தாங்கும் கோல் தள்ளாடுமாயின் பயனில்லை.

இக்கோலை முதலில் நிலைநிறுத்திக்கொண்டு, பின்னரே உலகத்தை அளக்கத் தொடங்கிய ஒருவரின் வரலாற்றையே யாம் இம்மாதம் எழுதப் புகுந்தோம். அவர் அளவு தொடங்கிய இடம் எங்கோ சீமையிலன்று. பூந்தமல்லியிலிருந்து தென்கிழக்கே செல்லும் சாலை போய்ச் சேரும் பரங்கிமலையின் அடிவாரமேயாம்.

வில்லியம் லாம்டன் இங்கிலாந்தின் வடபாகத்தில், யார்க்ஷயர் நாட்டு நார்த்தாலர்ட்டன் என்னும் ஊருக்கருகே, 1750-களில் எளிய குடியொன்றிற் பிறந்தார். குலப்பெருமை பேசுவதற்கோ பொருளுதவி பெறுவதற்கோ அவருக்கு வாய்ப்பில்லை. கணிதம் ஒன்றே கைம்முதல். 1781-ஆம் வருஷத்தில் படையிற் சிற்றதிகாரியாகச் சேர்ந்து, அமெரிக்கக் குடியேற்ற நாட்டாரோடு ஆங்கிலேயர் புரிந்த போரிற் கலந்து, பகைவர் கையிற் சிறைப்பட்டார். விடுதலையான பின், கானடாவை அடுத்த நாடுகளில் படைவீடுகளை மேற்பார்த்தலும், புதிதாய்க் குடியேறுவோருக்கு நிலம் அளந்து கொடுத்தலுமாகப் பல வருஷம் கழிந்தது. சூரிய கிரகணமொன்றைக் கறுப்புக் கண்ணாடியின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தனர் என்பர். பின்னாளில் விண்மீன்களை நோக்கியே காலங்கழித்தவர் அதனை ஒற்றைக் கண்ணாற் செய்தார் என்பது நினைக்கத்தக்கது.

ஏறத்தாழ நாற்பது வயதுவரை அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. 1790-களின் பிற்பகுதியில் தம் பட்டாளம் வங்காளத்திலிருப்பது கேட்டு அங்கே வந்து சேர்ந்தார். அதன் தலைவராயிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. 1798-ல் இருவரும் சென்னைக்கு வந்தனர். அடுத்த வருஷம் திப்பு சுல்தான்மீது போர் மூண்டது.

ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையின்போது ஓர் இரவில் பெயர்டு என்னும் தளபதி தம் படைப்பிரிவுடன் புறப்பட்டு, வேலை முடிந்ததும் தம் பாசறைக்கு மீண்டுகொண்டிருந்தார். உடனிருந்த லாம்டன் வானத்தை நோக்கினார். தெற்கே செல்லவேண்டிய படை வடக்கே, பகைவரின் காவல் வரிசையை நோக்கி, நடந்துகொண்டிருந்தமை அவருக்குப் புலனாயிற்று. தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டும் ஊசியைப் பார்த்த பின்னரே படை திரும்பியது. சிறிது தாமதித்திருப்பின் அவ்வளவு பேரும் சுல்தான் கையில் அகப்பட்டிருப்பர்.

போர் முடிந்து மைசூர் வீழ்ந்தவுடன் லாம்டன் ஒரு விண்ணப்பம் எழுதினார். கிழக்குக் கடற்கரையினின்று மேற்குக் கடற்கரை வரையில் தீபகற்பத்தின் குறுக்கே பெரிய முக்கோணங்களாலான வலையொன்றை விரித்து, ஒவ்வோர் ஊரின் இடத்தையும் ஐயமற நிலைநாட்டவேண்டும். அவ்வளவோடு பூமியின் பருமனும் வடிவும் கணிக்கப்படவேண்டும் என்பது அதன் கருத்து. வெல்லெஸ்லியின் பரிந்துரையால் அது சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபுவினிடம் சென்றது. இவர் முன்பு ஆர்க்காட்டை முற்றுகையிற் காத்த கிளைவின் மகனார். அனுமதி கிடைத்தபோது லாம்டனுக்கு வயது ஐம்பதை அணுகியிருந்தது. மற்றையோர் ஓய்வூதியத்தைக் கணக்கிடும் பருவத்தில் இவர் உலகத்தைக் கணக்கிடப் புறப்பட்டார்.

முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அதன்மேலுள்ள இரு கோணங்களும் தெரிந்தால், மற்றிரு பக்கங்களையும் கணிதத்தாற் பெறலாமென்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. அவ்விரண்டனுள் ஒன்றைக்கொண்டு அடுத்த முக்கோணம், அதனைக்கொண்டு அதற்கடுத்தது. இவ்வாறு மலையிலிருந்து மலைக்குக் கருவியாற் கோணங்களை மட்டும் அளந்துகொண்டே நாடு முழுவதும் போகலாம். ஆனால் முதற்பக்கத்தை மட்டும் தரையில் கையால் அளந்தே தீரவேண்டும். அதில் விழுந்த பிழை எல்லா முக்கோணங்களிலும் ஏறிக்கொண்டே போகும். அதனை அடிக்கோடு என்பர்.

அடிக்கோட்டை அளக்க அவருக்குக் கிடைத்த சங்கிலிக்கும் ஒரு கதையுண்டு. முன்னர்ச் சென்னையில் கவர்னராயிருந்த மக்கார்ட்னி பிரபு, 1793-ல் சீன தேசத்துச் சக்கரவர்த்தியிடம் தூது சென்றபோது, மேனாட்டு விஞ்ஞானத்தின் சிறப்பைக் காட்டப் பல கருவிகளைக் கொண்டு சென்றார். சக்கரவர்த்தி அவற்றை மதிக்கவில்லை. அவற்றுட் சில, தூதுடன் சென்ற டின்விடி என்னும் அறிஞர் வழியாகக் கல்கத்தாவை அடைந்து விலைக்கு வந்தன. லண்டன் மாநகரத்து ராம்ஸ்டன் என்னும் கைவல்லார் செய்த எஃகுச் சங்கிலியும், தலைக்குநேரே வரும் விண்மீனின் சாய்வை அளக்கும் பெருங்கருவியும் அவற்றுள் இருந்தன. சங்கிலியின் நீளம் 100 அடி; இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது கொண்டது. சீனத்தில் வேண்டாதது சென்னையிற் பூமியை அளக்கப் பயன்பட்டது.

1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 10-ஆம் தேதி பரங்கிமலைக்கருகே அளவு தொடங்கிற்று. அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரையில் நிலம் சமமாயிருந்தது. இன்று அவ்வெளியெங்கும் மாடமாளிகைகளும் வண்டித்தொடர்களும் நெருங்கிவிட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பில் மிஞ்சியதைக் கண்டுதான் பழைய வெட்டவெளியை ஒருவாறு உய்த்துணரலாம்.

சங்கிலியைத் தரையில் இழுத்துச் சென்று அளப்பார்களென்று நினைப்பவர் லாம்டனை அறியாதவர். மரப்பெட்டிகளை முக்காலிகளின்மேல் ஏற்றித் திருகாணிகளால் ஒரே மட்டமாக்கி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, ஒரே அளவான எடையால் இழுத்துப் பிடிக்கச் செய்தார். ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பமானி வைக்கப்பட்டது. என்னை? எஃகு சூட்டில் நீளும். நூறடிச் சங்கிலி ஒரு டிகிரிச் சூட்டுக்கு ஓர் அங்குலத்தின் நூற்றிலொரு பங்கிற்கும் குறைவாகவே நீளும், கண்ணுக்குத் தோன்றாது. ஆயினும் கணக்குப் பார்ப்போம். சித்திரை வெயிலில் காலைக்கும் நண்பகலுக்கும் இருபது டிகிரி வேறுபாடு கொள்க. சங்கிலி ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஏழிலொரு பங்கு நீண்டுவிடும். இது கிடக்கட்டுமென்று விட்டு நானூறு முறை சங்கிலி போட்டால் மொத்தப் பிழை ஐந்தடி. ஐந்தடிதானே எனலாம், அவ்வளவிற்கே பூமியின் சுற்றளவில் மூன்று மைல் தவறிப்போம்!

ஆகவே ஒவ்வொரு முறையும் வெப்பமானிகளைப் பார்த்து எழுதிக்கொண்ட பின்னரே சங்கிலி அடுத்த நூறடிக்கு நகர்த்தப்பட்டது. மற்றொரு சங்கிலியை வேலைக்குப் பயன்படுத்தாமல் பாதுகாத்து வைத்து, வேலைச் சங்கிலி தேய்ந்தோ நீண்டோ போயிற்றா என்று அதனோடு ஒத்துப்பார்த்தனர். வணிகர் கடையில் முத்திரைப்படியைப் பூட்டிவைத்து விற்பனைப்படியை அதனோடு சரிபார்க்கும் முறை நம்மவர்க்குத் தெரிந்ததன்றோ! இவ்வண்ணம் நானூறு சங்கிலி, கடுங்கோடையில், மே மாதம் வரை. முடிவிற் கிடைத்த அளவு 40,006.4418 அடி, ஏழரை மைலுக்குச் சற்று மிகுதி. அடியின் பதினாயிரத்திலொரு பங்கு வரை எழுதியது வீண்பெருமையென்று யாம் கருதவில்லை. அடுத்த பெங்களூர் அளவே அதற்குச் சான்று. பரங்கிமலையினின்று முக்கோணங்களாலேயே கணித்துச் சென்று, பெங்களூருக்கருகே ஏழு மைல் அளவுள்ள மற்றோர் அடிக்கோட்டை 1804-ல் சங்கிலியால் அளந்து பார்த்தபோது, கணக்கிற்கும் அளவிற்கும் வேற்றுமை நான்கு அங்குலத்திற்கும் குறைவாகவே இருந்தது.

கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டுக் கருவியோ, லண்டனில் கேரி என்பவராற் செய்யப்பட்டது. வட்டத்தகட்டின் குறுக்களவு மூன்றடி. நிறை அரை டன். அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலிற் பிடித்து மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுபோயினர். இரு தேசத்தாருக்கும் அப்போது பகை. ஆயினும் அஃது எதற்கான கருவியென்று தெரிந்தவுடன் அவர்கள் அதனை மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவிட்டனர். 1802-ஆம் வருஷம் செப்டம்பரில் அது வந்திறங்கியது.

முக்கோணங்கள் நாட்டின் இடத்தைக் கூறும். பூமியின் பருமனைக் கூறுவது எப்படி? வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல விண்மீன்கள் வானத்தில் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். ஒரு விண்மீன் உச்சியைக் கடக்கும்போது தெற்கூரில் எவ்வளவு சாய்ந்திருந்தது, வடவூரில் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று அளந்து கழித்தால், இரண்டூருக்குமிடையே பூமியின் வளைவில் எத்தனை பாகை என்பது தெரியும். எத்தனை அடி என்பது முக்கோணங்களால் தெரியும். அடியைப் பாகையால் வகுத்தால் ஒரு பாகையின் நீளம் வந்துவிடும். பூமி முழுவட்டமாயின் அதனை 360-ஆற் பெருக்கவேண்டுவதே.

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்திலிருந்து சென்னைக்கு வடக்கே ஓரிடம் வரை, ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுந்த வில்லை முதலில் அளந்தனர். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 68¾ மைல் வந்தது. இங்கிலாந்தின் தென்பாகத்தில் ஒரு பாகை 69 மைலுக்கு மேல். இவ்வேற்றுமை பிழையன்று. பூமி துருவங்களிற் சற்றே தட்டையாயிருத்தலால் வடக்கே செல்லுந்தோறும் பாகை நீளும். நியூட்டன் கணிதத்தாற் கூறியதைப் பிரெஞ்சு அறிஞர் 1730-களில் லாப்லாந்திற்கும் பெருநாட்டிற்கும் சென்று அளந்து மெய்ப்பித்தனர். அத்தட்டை எவ்வளவு என்பதே அப்பொழுது நின்ற வினா. அதற்கு நிலநடுக்கோட்டை அடுத்த நாட்டில் நீண்டதோர் வில் வேண்டும். தமிழ்நாடும் அதன் வடக்கே தொடரும் நிலமும் அதற்கே அமைந்தன போலும்!

முதலில் சென்னையினின்று மங்களூர் வரை குறுக்கே வலை பின்னப்பட்டது. பழைய படங்களில் 400 மைலாக வரையப்பட்டிருந்த அகலம் உண்மையில் 360 மைலேயென்று தெளிந்தது. நாற்பது மைல் அகலமான நிலம், இல்லாமலே படத்தில் இருந்துவந்தது! இதனாற் பழைய படம் வரைந்தோர் மகிழ்ந்திருப்பரென்று சொல்வதற்கில்லை. கும்பினியார் கணக்கு விசாரணைச் சபையில் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டுபவன் தன் பல்லக்குத் தலைவனிடம் சொன்னாற் போதும், அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான், அதற்கு லாம்டனுடைய படம் எதற்கு என்று எள்ளினார். பல்லக்குப் போகிகள் வழி தவறாரென்பது மெய்; ஆனால் அவர்களை நம்பிப் பூமியின் பருமனைக் கணிக்கமுடியாது. வருஷந்தோறும் செலவுக்குச் சமாதானம் எழுதுவது லாம்டனுக்கு ஒரு பாரமாகவே இருந்தது.

பெங்களூரையொட்டித் தெற்கு வடக்காக அமைத்துக்கொண்ட பெருவில்லைக் கன்னியாகுமரியை நோக்கிக் கொண்டுசெல்லும்போது தஞ்சைச் சீமை குறுக்கிட்டது. மேட்டுநாட்டில் மலையிருந்தது, ஈண்டோ வயலும் தென்னஞ்சோலையுமே. ஆகவே கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றத் துணிந்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடியிற் பொருள்கள் தலைகீழாகத் தோன்றுமாதலால், தம் வீட்டுப் பெண்டிரை இத்துரைமார் அவ்வாறு நோக்குகின்றனரோ என்று பல ஊரார் வெகுண்டனர் என்பர். அவ்வச்சத்தை யாம் நகையாடோம். வீட்டு முற்றத்தை நோக்கிக் குழாயொன்றைத் திருப்புவோனைக் கண்டால் இன்றும் எவர் சும்மாயிருப்பர்?

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீவிமானத்தின்மீது அரை டன் கருவியை ஏற்றினர். இவ்விடத்தில் ஒன்று கூறாமற் செல்ல எமக்கு மனமில்லை. இக்கோயிலைக் கட்டுவித்த இராஜராஜ சோழர், கி.பி. 1001-ஐ ஒட்டித் தம் நாடு முழுவதையும் அளக்கச் செய்தவர். அவ்வளவை நடத்திய சேனாபதிக்கு உலகளந்தான் என்ற பெயர் வழங்கிற்று. அக்காலத்து நிலக்கணக்கில் வேலியொன்றின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குகூட எழுதப்பட்டுள்ளது. அவ்வளவு சிறு நிலத்தில் எறும்பும் நிற்கமுடியாது. அது கணக்கில் விழும் நுண்மையேயன்றிக் கோலில் விழும் நுண்மையன்று. ஆயினும் விடுபட்ட பின்னத்தையும் விடேனென்ற அம்மனப்பான்மையும், வெப்பமானியைப் பார்த்துச் சங்கிலி நகர்த்திய மனப்பான்மையும் ஓரினமென்றே எமக்குத் தோன்றுகிறது. எண்ணூறு வருஷத்திற்குப் பின் ஓர் உலகளந்தான் மற்றோர் உலகளந்தானின் கோயில்மேல் ஏறினான்.

ஏறியது நன்றாக முடியவில்லை. இருநூறடிக்கு மேற்பட்ட அவ்விமானத்தின்மேல் கருவியை இழுத்துக்கொண்டிருக்கையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் வட்டத்தகடு வளைந்து, வட்டமென்னும் பெயர்க்கே தகுதியற்றதாயிற்று. இந்தியாவில் அதனைச் செப்பனிடுவார் எவருமில்லை. லண்டனிலிருந்து வேறொன்று வருவதாயின் வருஷங்களாகும். அதற்குள் எள்ளியோர் வென்று, வேலையே நிறுத்தப்பட்டிருக்கும். வேறொருவராயின், சற்று வளைந்தது சற்றுப் பிழைதானே என்று மேலே சென்றிருக்கலாம். அறிபவரும் அக்காலத்தில் இல்லை.

லாம்டன் தம் கூடாரத்துட் புகுந்தார். தம் கைத்தொழிலாளரிற் சிலரையன்றிப் பிறரை உள்ளே விடவில்லை. தகட்டைப் பிரித்தெடுத்து, தட்டையான பலகையொன்றில் உரிய அளவில் வட்டம் வரைந்து அதன்மேல் வைத்து, ஆப்பும் திருகாணியும் கப்பியுங்கொண்டு, கோணியிருந்த ஒவ்வோரிடத்தையும் மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்தார். ஆறு வாரம் சென்றது. தகடு மீண்டும் வட்டமாயிற்று. வளைந்துபோன ஆரைகளும் நிமிர்த்தப்பட்டன. அக்கருவியே பின்னும் பல வருஷம் வேலை செய்தது. இன்று அது டேராடூனில் இந்திய சர்வே இலாகாவினராற் காக்கப்பட்டு வருகிறது. இவர் வாழ்க்கையில் யாம் மிகவும் வியப்பது பூமியை அளந்ததனையன்று; இவ்வாறு வாரத்தையே.

1809-ஐ ஒட்டி வில்லின் தென்முனை கன்னியாகுமரியருகே நிறுவப்பட்டது. பின்னர் வடக்கு நோக்கிக் குத்தி, பீதர் என்று நிஜாம் சீமைவரை சென்றது. ஏறத்தாழ பத்துப் பாகை நீளமுள்ள அவ்வில், நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் அதுவரை எவரும் அளந்திராத நீளமுடையது. பூமியின் தட்டை ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு என்பது அதனால் உறுதிப்பட்டது. இன்று செயற்கைத் துணைக்கோள்களாற் கண்ட அளவும் 298-ல் ஒரு பங்கேயாம். பிரெஞ்சு அறிஞர் சபை அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு பெருமைப்படுத்தியது. லண்டன் ராயல் சொசைட்டி 1817-ல் தான் அங்கத்தினராக்கிற்று. பிரெஞ்சுக்காரர் அளவையின் அருமை அறிந்தவர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியிலொரு பங்கே மீட்டர் என்று 1790-களில் வகுத்தவர் அவர்களே. லாம்டன் கோல்கொண்டு பூமியை அளந்தார். அவர்கள் பூமிகொண்டு கோலை அளந்தனர். அம்மீட்டரே 1956-ல் சட்டமாகி நம் கடைகளுக்கும் வந்தது. ஆயினும் மனைக்கு மட்டும் நாம் இன்னும் கிரவுண்டை விட்டோமில்லை.

துணைவரைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்து வானிலையத்தைச் சார்ந்து 1794-ல் அளவைப் பள்ளியொன்று ஏற்பட்டது. தந்தையை இழந்த சிறுவர் அதிற் பயின்றனர். அங்குப் பயின்ற ஜோஷுவா டி பென்னிங் முதலியோர் லாம்டனுடன் இறுதிவரை உழைத்தனர். தொடக்கத்தில் உடனிருந்த வாரன் என்னும் அதிகாரி, பிற்காலத்தில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பிக் கையில் ஏடுமின்றி 1825-ஆம் வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தமை கண்டு வியந்து, காலசங்கலிதம் என்னும் தம் நூலில் அதனைப் பதிவு செய்தார். அக்கணக்கிற் பிழை ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. ஆனால் மரப்பெட்டி சுமந்தவர், மலையுச்சியிற் கொடி பிடித்து நாட்கணக்கில் நின்றவர், காடு வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர் ஆகிய நம் நாட்டார் நூற்றுக்கணக்கானவர்; சர்வே நூல்கள் புகழும் பெயர்களுள் அவர்கள் பெயரைக் காண்டலரிது. கோதாவரிக் காட்டில் 1819-ல் விஷக்காய்ச்சல் பரவியபோது மாண்டோர் பெரும்பாலும் இவர்களே.

இவ்வளவையால் கும்பினியாரின் படைநடையும் வரிவாங்கலும் எளிதாயின என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் ஆட்சி இந்நாட்டில் வேரூன்ற அப்படங்களும் துணைநின்றன. லாம்டனும் அவர்கள் சோறுண்ட படையதிகாரியே. எனினும் பூமியின் தட்டையை அறிவதால் ஒரு காசும் வரி பெருகாதென்று அவருடைய எசமானர் நன்கறிந்திருந்தனர். அதனாலன்றோ செலவைக் குறைகூறினர்.

ஆறடி உயரமும் நிமிர்ந்த நடையும் உடையவர் லாம்டன், அதிகம் பேசார். தம்மைப்பற்றி எழுதியதோ மிகக் குறைவு. முறைப்படி மணஞ்செய்யவில்லை, இந்நாட்டுப் பெண்டிர் வழியாக அவருக்கு மக்கள் உண்டு, கூடாரமே குடும்பத்தின் வீடாயிருந்தது. 1818-ஆம் வருஷம் ஜனவரி முதல் வேலை சென்னை அரசாங்கத்தினின்று கல்கத்தா மேலரசாங்கத்தின் கீழ்ச் சென்று, பெருந்திரிகோண சர்வே என்று பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் துணைவராக அனுப்பப்பட்டார்.

அப்பொழுது லாம்டனுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. மார்பு நோயும் இருமலும் தொடங்கின. ஆயினும் ஆக்ராவரை செல்லவேண்டுமென்பது அவருடைய எண்ணம். 1823-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் சர்வே அலுவலை மாற்றிக்கொண்டு போகும் வழியில், ஹிங்கன்காட் என்னும் ஊரில், ஜனவரி மாதம் 20-ஆம் தேதி கூடாரத்திலேயே உயிர் நீத்தார். இருபது வருஷத்தில் அவரும் துணைவரும் வலைக்குட்படுத்திய நிலம் ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் சதுர மைலுக்கு மேற்பட்டது.

பெருவில்லை எவரெஸ்ட் ஏற்று, 1841-ல் இமயமலை அடிவாரத்தில் முடித்தார். கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ 1,500 மைல். அவ்வளவையின் வலைகொண்டே பின்னர் இமயத்துச் சிகரங்களின் உயரம் கணிக்கப்பட்டது. அவற்றுள் மிக உயர்ந்ததற்கு 1865-ல் எவரெஸ்டின் பெயரிடப்பட்டது. அவர் அச்சிகரத்தைக் கண்டவருமல்லர், அப்பெயரை விரும்பியவருமல்லர். லாம்டன் பெயரால் மலையொன்றும் வழங்கவில்லை. பரங்கிமலையின்மேல் அவருடைய மார்பளவு உருவச்சிலையொன்று உள்ளது. அவரது கல்லறை மகாராஷ்டிரத்தில், வர்தா ஜில்லா ஹிங்கன்காட்டில் இருக்கிறது.